முன்பக்கமும் பின்பக்கமும்

அன்பு மகளுக்கு,

சித்தி எழுதுகிறேன். நீ சீனியர் பிராண்ட் மேனேஜர் ஆகிவிட்டாய் என்று அக்கா போனில் சொன்னாள். பெருமை அவள் குரலிலேயே தெரிந்தது. பின்னாலேயே உன் செய்தியும் வந்தது. "இனி என்ன மாறும் சித்தி? நான் எதைப் படிக்க வேண்டும்?" என்று கேட்டிருந்தாய். இதற்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரி பதில் போட மனம் வரவில்லை. என் வேலைக்காலம் முழுவதும் உணவும் பானமும் விற்கும் கம்பெனிகளில்தான் கழிந்தது. அதில் நான் உறுதியாக நம்புகிற ஒன்றை உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

நேற்றுவரை விளம்பரப் படம், ஸ்கீம் கணக்கு, பிரசன்டேஷன் என்று கொடுத்த வேலையை முடித்துக் கொடுப்பது உன் பொறுப்பாக இருந்தது. இனி பாக்கெட்டின் ஆர்ட்வொர்க் அச்சுக்குப் போக வேண்டுமானால் உன் கையெழுத்து வேண்டும். செய்முறையில் ஒன்றைக் குறைத்து இன்னொன்றைக் கூட்ட வேண்டுமானால் உன் ஒப்புதல் வேண்டும். லாப நஷ்டக் கணக்கு உன் தலையில் இருக்கும். கடையில் அந்தப் பாக்கெட்டை எடுக்கும் யாருக்கும் உன் பெயர் தெரியப்போவதில்லை. ஆனாலும் அதன் முன்பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் நீ கொடுத்த வாக்கு. உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்பது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். முன்பக்கம் சொல்வதைப் பின்பக்கம் தாங்க வேண்டும். நான் சொல்ல வந்தது இதைத்தான். மீதி எல்லாம் அதைக் காப்பாற்றுவது எப்படி என்பதைப் பற்றியது.

இந்தப் பதவி பிறந்த கதையை உனக்குக் கல்லூரியிலேயே சொல்லியிருப்பார்கள். 1931 மே மாதம், அமெரிக்காவின் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியில் காமே சோப்பின் விளம்பரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த நீல் மெக்கெல்ராய் என்ற இளைஞர் மூன்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். அதே கம்பெனியின் ஐவரி சோப்புக்கு முன்னால் காமே எழ முடியாமல் கிடந்தது. ஒவ்வொரு பிராண்டையும் முழுப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளத் தனி ஆட்கள் வேண்டும் என்று அவர் கேட்டார். பின்னாளில் அவர் அமெரிக்காவின் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தார். அந்தக் குறிப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பிராண்ட் ஆள் என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லும் இடம். எந்தப் பகுதியில் சரக்கு எவ்வளவு போகிறது என்று கணக்கைப் பார்க்க வேண்டும். எங்கே குறைகிறதோ அங்கே நேரில் போக வேண்டும். கடைக்காரரிடமும் வாங்குகிறவரிடமும் பேசிக் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இத்தனை வருஷம் கழிந்தும் இந்த வேலைக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஏனென்றால் உனக்கு அதிகாரம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. தொழிற்சாலை உன் பேச்சைக் கேட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சேல்ஸ் மேனேஜருக்கு அவருடைய டார்கெட் முக்கியம். ஆர் அண்ட் டி-க்குத் தனித் தலைவர், ஃபைனான்ஸுக்குத் தனித் தலைவர். உனக்குக் கீழே இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். இத்தனை பேரையும் ஒரு பக்கமாகத் திருப்ப உன்னிடம் இருப்பது ஒரே ஒரு பிடிதான். அந்தப் பொருளைப் பற்றி உனக்குத் தெரிந்த அளவு அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது என்ற நிலைமையை நீ உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

ஆகவே முதலில் தொழிற்சாலைக்குப் போ. ஒரு ஷிப்ட் முழுக்க லைனில் நில். எது எந்த மூட்டையிலிருந்து கொட்டப்படுகிறது, எங்கே எடை பார்க்கிறார்கள், எந்த இடத்தில் சீல் விடுகிறது என்று பார். குவாலிட்டி பிரிவில் புகார்க் கோப்பு ஒன்று இருக்கும். கேட்டு வாங்கிப் படி. பிறகு உன் பாக்கெட்டைத் திருப்பி, பொருட்பட்டியலை எழுத்து எழுத்தாகப் பார். எது அதிகமோ அது முதலில், எது குறைவோ அது கடைசியில் என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பது சட்டம். உன் பானத்தின் பட்டியலில் சர்க்கரை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதை யாரையும் கேட்காமல் சொல்லத் தெரியாவிட்டால், அதன் விளம்பரத்தைப் பற்றிப் பேச இன்னும் நேரம் வரவில்லை என்று வைத்துக்கொள்.

நம் வீட்டுக் காபித்தூளையே எடுத்துக்கொள். சிக்கரி கலந்த தூளில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. எவ்வளவு காபி, எவ்வளவு சிக்கரி என்று அச்சிட்டாக வேண்டும். 80:20, 70:30, 60:40, 53:47 என்று ஒவ்வொரு தூளுக்கும் ஒரு கணக்கு உண்டு. சிக்கரி கூடினால் டிகாக்‌ஷன் கறுப்பாக, கெட்டியாக இறங்கும், செலவும் குறையும். அந்தக் கெட்டிக்காகவே அதை வாங்குகிறவர்கள் உண்டு, அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் 53:47 தூளின் முன்பக்கத்தில் காபித் தோட்டமும் பழுத்த காபிப் பழமும் மட்டுமே படமாக நின்றால், ஏறக்குறைய பாதிப் பாக்கெட்டைப் பற்றி அந்த முன்பக்கம் வாயே திறக்கவில்லை என்று அர்த்தம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். நீ சட்டத்தோடு நின்றுவிடாதே. சிக்கரியின் கெட்டி பிடித்து வாங்குகிறவர்களுக்குச் சிக்கரியின் பெயரைச் சொல்லியே விற்கலாமே!

அடுத்தது கிராம் கணக்கு. இதில்தான் உன் நாட்களில் பாதி போகும். பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகள்தான் நம் நாட்டில் பிஸ்கட், சிப்ஸ், நூடுல்ஸ் வியாபாரத்தைத் தாங்குகின்றன. எண்ணெய் விலை ஏறும், மாவு விலை ஏறும், டீசல் ஏறும். ஐந்து ரூபாய் மட்டும் ஐந்து ரூபாயாகவே நிற்கும். ஆறாக்கினால் குழந்தை கையில் கொண்டுவரும் நாணயத்தோடு கணக்குப் பொருந்தாது. அதனால் விலையை விட்டுவிட்டு எடையைக் குறைக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், நூடுல்ஸ், சாக்லேட் போன்றவற்றுக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடாக இறங்கியபோது இதே கதை தலைகீழாக நடந்தது. ஐந்து ரூபாய் பாக்கெட்டைச் சில்லறைக் காசு கணக்கில் விற்க முடியாததால் பல கம்பெனிகள் எடையைக் கூட்டின.

எடை கூடும்போது பாக்கெட்டின் நெற்றியில் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்கிறோம். குறையும்போது பின்பக்கத்து எண் மட்டும் மாறுகிறது. கவரின் அளவு அப்படியே இருக்கிறது, உள்ளே காற்று கூடுகிறது. எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் செய்கிறது என்று உன்னிடம் சொல்வார்கள். அது உண்மையும்கூட. ஆனால் எடையைக் குறைத்தால் கவரையும் சேர்த்துச் சிறிதாக்கு என்று கேட்கும் ஒரு குரலாக நீ அந்த அறையில் இரு. கவரின் பிளாஸ்டிக் மிச்சம், லாரியில் இடம் மிச்சம் என்று ஃபைனான்ஸுக்குப் புரியும் கணக்கோடு கேள். எப்போதும் வெல்ல முடியாது. சில சமயம் வெல்லலாம்.

இந்தக் கிராம்கள் யாருடையவை என்று தெரிந்துகொள்ள வீடுகளுக்குப் போக வேண்டும். ஏஜென்சி ஏற்பாடு செய்து, நாற்காலி துடைத்துப் போட்டு உட்காரவைக்கும் வீடுகளைச் சொல்லவில்லை. விற்பனை இறங்கிய ஊரில், லைன் சேல்ஸ்மேன் கை காட்டும் தெருவுக்குப் போ. ஒரு நூடுல்ஸ் பாக்கெட்டில் தண்ணீரைக் கூட ஊற்றி மூன்று பிள்ளைகளுக்குப் பங்கு வைக்கும் தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். மால்ட் பானத்தை அரை ஸ்பூன் அரை ஸ்பூனாகப் போட்டு ஒரு பாட்டிலை மாதம் முழுவதும் ஓட்டுவார்கள். 'ஒரு வேளைக்கு இவ்வளவு கால்சியம்' என்று முன்பக்கத்தில் நாம் அச்சிடும் கணக்கு முழு ஸ்பூன்களையும் ஒரு டம்ளர் பாலையும் வைத்துப் போட்டது. அந்த வீட்டில் அந்தப் பாலும் இல்லை, அந்த ஸ்பூன்களும் இல்லை. பிள்ளை வளரும் என்று நம்பி, காய்கறிக்கும் முட்டைக்கும் போக வேண்டிய காசை எடுத்து அந்தத் தாய் நம்மிடம் கொடுக்கிறாள். அந்தக் காசு கையில் வந்திருக்கிறது என்ற நினைப்போடு ஆர்ட்வொர்க்கைப் பார்.

இப்போது ருசிக்கு வருகிறேன். சீனியர் பதவியில் உன் மேஜைக்கு அடிக்கடி வரப்போகும் கோப்பு 'காஸ்ட் சேவிங்'. வெண்ணெய்க்குப் பதில் பாமாயில், ஏலக்காயில் கொஞ்சம் குறைத்து எசன்ஸ், முந்திரி கொஞ்சம் சின்னதாக. ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை வைப்பார்கள். மூன்று கிண்ணம் வைத்து, இரண்டில் பழையது, ஒன்றில் புதியது. எது வேறு என்று சாப்பிடுகிறவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் மாற்றம் பாஸ். சோதனையில் பொய் எதுவும் இல்லை. ஆபத்து 'பழையது' என்று வைக்கும் கிண்ணத்தில் இருக்கிறது. இந்த வருஷம் பழையது என்று வைப்பது போன வருஷம் ஏற்கெனவே குறைத்தது. அதற்கு முந்தைய வருஷமும் ஒரு குறைப்பு. ஒவ்வொரு படியிலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஐந்து படி இறங்கிய பிறகு, முதலில் இருந்ததைச் சாப்பிட்டவர் "முன்ன மாதிரி இல்லை" என்று சொல்லிவிட்டு வேறு பாக்கெட்டை எடுப்பார். அவர் உனக்குப் புகார் எழுத மாட்டார்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து ஷ்லிட்ஸ் பியர் இப்படித்தான் போனது. ஒரு காலத்தில் அந்த நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. பிறகும் பட்வைசருக்கு அடுத்தபடியாக இரண்டாம் இடத்தில் வலுவாக நின்றது. 1970களில் செலவைக் குறைக்கப் புளிக்கவைக்கும் நாட்களைச் சுருக்கினார்கள். பார்லியின் இடத்தில் சோளப் பாகு கூடியது. இந்தக் கதையில் நம் முன்பக்கம் பின்பக்க விவகாரம் வரும் இடம் ஒன்று உண்டு. பியர் கலங்காமல் இருக்க சிலிக்கா ஜெல் போட்டுவந்தார்கள். லேபிளில் சேர்மானங்களை எல்லாம் எழுத வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டுவிடுமோ என்ற பயம் வந்தது. உடனே அதை விட்டுவிட்டு, வடிகட்டும்போதே வெளியே போய்விடக்கூடிய, அதனால் லேபிளில் எழுதத் தேவைப்படாத வேறொன்றுக்கு மாறினார்கள். அந்தப் புதிய பொருள் நுரை நிற்பதற்காகப் போட்ட இன்னொன்றோடு சேர்ந்து பாட்டிலுக்குள் திரிதிரியாகப் படிய ஆரம்பித்தது. 1976-ல் சுமார் ஒரு கோடி பாட்டில்களைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. 1982-ல் கம்பெனியே இன்னொருவர் கைக்குப் போய்விட்டது. சேர்மானத்தை எழுதப் பயந்தவர்கள் முதலில் சேர்மானத்தைப் பற்றி யோசித்திருக்க வேண்டும்.

இப்படி ஆகாமல் இருக்க ஒரு நடைமுறை இருக்கிறது, பொறுப்பேற்ற முதல் மாதமே செய்துவிடு. உன் பொருள் நன்றாக இருந்த காலத்துச் செய்முறையை ஆர் அண்ட் டி-யிடம் கேட்டு வாங்கி, அதுதான் மூலம் என்று எழுத்தில் உறுதி செய். எந்தக் காஸ்ட் சேவிங் கோப்பு வந்தாலும், சின்ன அளவில் அந்த மூலத்தைத் திரும்பச் செய்து, அதோடு ஒப்பிட்டுச் சோதிக்கச் சொல். போன வருஷத்துப் பாக்கெட்டோடு ஒப்பிட்டு வரும் கோப்பில் கையெழுத்துப் போடாதே.

சோதனையை நம்புவதிலும் அளவு வேண்டும். 1985 ஏப்ரல் 23-ல் கோகோ கோலா தன் பழைய சுவையை மாற்றியது ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரிடம் ருசி பார்க்கக் கொடுத்துப் பார்த்த பிறகுதான். புதியதே நன்றாக இருக்கிறது என்று பெரும்பான்மையோர் சொன்னார்கள். பழையது இனிக் கிடைக்காது என்றால் என்ன நினைப்பீர்கள் என்பதை அந்தச் சோதனை சரியாகக் கேட்கவில்லை. ஜூலை 11-ல் பழையதைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தார்கள். நம் பக்கத்தில் 1916-ல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் குளிர்பானக் கம்பெனியைப் பார். கோகோ கோலா 1993-ல் இந்தியாவுக்குத் திரும்பி வந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட் என்று பெரிய உள்நாட்டு பிராண்டுகளை வாங்கிக்கொண்ட பிறகும் காளிமார்க்கின் பொவண்டோ நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் இருந்துகொண்டே இருந்தது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது மக்கள் கை நீண்டது அந்தப் பாட்டிலுக்குத்தான். சின்ன வயதில் குடித்த அதே ருசி என்றுதான் என் தலைமுறை அதைப் பற்றிப் பேசும். இத்தனை காலம் ஒரு ருசியை விடாமல் வைத்திருப்பதும் பிராண்ட் மேனேஜ்மென்ட்தான். உன் கம்பெனியின் போட்டியாளர் பட்டியலில் இப்படிப்பட்ட உள்ளூர்ப் பெயர்களைக் கடைசி வரியில் 'இதரர்' என்று போட்டிருப்பார்கள். நீ தனித்தனியாக எழுதிவை.

இனி நான் சொல்லப்போவதுதான் என் மனதை அதிகம் அறுத்தது. ஓ.ஆர்.எஸ். என்ற மூன்று எழுத்து.

1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையில் அகதி முகாம்களில் காலரா பரவியது. நரம்பில் ஏற்ற சலைன் பாட்டில்கள் போதவில்லை. திலீப் மகலநாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த நீரை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்டிவிடச் சொன்னார். 30 விழுக்காடு வரை இருந்த சாவு 4 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. அன்று முதல் கோடிக்கணக்கான குழந்தைகளைக் காப்பாற்றிய ஓ.ஆர்.எஸ். கரைசல் அது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய கணக்குப்படி ஒரு லிட்டர் தண்ணீருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் உப்பு 2.9 கிராம். இந்த அளவுகள் கண்ணும் கருத்துமாக வைக்கப்பட்டவை. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து போனால் குடல் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். சர்க்கரை மிஞ்சினால் உடம்பிலிருக்கும் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து வயிற்றுப்போக்கை இன்னும் கூட்டிவிடும்.

அந்த மூன்று எழுத்தைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டு, பழச்சுவையும் பல மடங்கு சர்க்கரையும் கலந்த பானங்கள் நம் நாட்டில் பல வருஷம் விற்றன. எங்கே? மருந்துக்கடையில். யாருக்கு? வயிற்றுப்போக்கோடு வாடிக் கிடக்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஓ.ஆர்.எஸ். கொடுங்க" என்று கேட்ட தாய்க்கு. ஹைதராபாத்தில் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு வருஷம் இதை எதிர்த்துப் போராடினார். இடையில், 'இது உலக சுகாதார நிறுவனம் சொன்ன ஓ.ஆர்.எஸ். அல்ல' என்ற வரியைச் சேர்த்து அச்சிட்டால் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்றுகூட அனுமதி இருந்தது. முன்பக்கத்தில் பெரிதாக ஒரு பெயர், அதே பாக்கெட்டில் சின்ன எழுத்தில் அந்தப் பெயருக்கு மறுப்பு. 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்று, அந்த மூன்று எழுத்தை அப்படிப் பெயரில் சேர்க்கவே கூடாது என்று உத்தரவு போட்டது.

கண்ணு, அந்த ஒவ்வொரு பெட்டியின் ஆர்ட்வொர்க்கிலும் உன்னைப் போல நன்றாகப் படித்த ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் கெட்டவராக இருந்திருக்க வேண்டியதில்லை. ரெகுலேட்டரி பிரிவு அனுமதி உண்டு என்று சொல்லியிருக்கும். விற்பனை நன்றாகப் போயிருக்கும். மருந்துக்கடையின் வாசலில் நின்று, யார் எதற்காக வாங்குகிறார்கள் என்று ஒரு மாலைப் பொழுது பார்த்திருந்தால் போதும், அந்தப் பேனா இறங்கியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

'ஹெல்த் டிரிங்க்' என்ற பெயரும் இப்படித்தான் நம்மிடையே நடமாடியது. அப்படி ஒரு வகை இந்திய உணவுச் சட்டத்தில் கிடையவே கிடையாது. 2023-ல் ஒரு பானத்தின் சர்க்கரை அளவைப் பற்றி ஒரு வீடியோ வந்து நாடெல்லாம் பேசிய பிறகு, 2024 ஏப்ரலில் அந்தத் தலைப்பின் கீழ் இந்தப் பானங்களை வைக்கக் கூடாது என்று ஆன்லைன் கடைகளுக்கு அரசு சொன்னது. அதே 2024 ஜூனில், தண்ணீர் சேர்த்துத் திரும்பத் தயாரிக்கும் சாற்றில் '100% பழச்சாறு' என்று போடக் கூடாது என்று இன்னொரு உத்தரவு. வெளியிலிருந்து ஒருவர் வந்து கேட்டபிறகு நாம் மாற்றிக்கொண்டது பெரிய தலைகுனிவு. உள்ளே உட்கார்ந்திருக்கும் நாம்தான் அதை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

மேகி நூடுல்ஸ் விவகாரம் நடந்தபோது நீ பள்ளியில் இருந்திருப்பாய். உத்தரப் பிரதேசத்துப் பாராபங்கியில் எடுத்த மாதிரியில் தொடங்கி, 2015 ஜூன் 5-ல் நாடு முழுவதும் திரும்பப் பெற உத்தரவு வரை போனது. நம் தமிழ்நாட்டிலும் தடை வந்தது. அளவுக்கு மீறி ஈயம் இருக்கிறது என்றது ஆணையம், அளவுக்குள்தான் இருக்கிறது என்றது கம்பெனி. ஆகஸ்ட் 13-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. கம்பெனியின் வாதத்தைக் கேட்காமல் உத்தரவிட்டதும், சோதித்த கூடங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லாததும் காரணங்கள். நவம்பரில் பாக்கெட் கடைக்குத் திரும்பியது. ஆகவே கம்பெனி தப்பு செய்தது என்று நான் தீர்ப்பு எழுத மாட்டேன். ஆனால் நீ ஒன்றைக் கவனி. அந்த வழக்கில் ஈயத்தோடு சேர்ந்து நின்றது முன்பக்கத்து வரி ஒன்று: எம்.எஸ்.ஜி. சேர்க்கப்படவில்லை. வெங்காயத்திலும் தக்காளியிலும் குளுட்டமேட் இயற்கையாகவே உண்டு. தனியாகச் சேர்க்காவிட்டாலும் சோதனையில் அது தெரியும். 'சேர்க்கவில்லை' என்பதற்கும் 'இல்லை' என்பதற்கும் நடுவில் உள்ள இடைவெளி விஞ்ஞானிக்குத் தெரியும், வக்கீலுக்குத் தெரியும். கடையில் நிற்கும் தாய் அதை 'இல்லை' என்றுதான் படிப்பாள். அவள் எப்படிப் படிப்பாள் என்பது தெரிந்திருந்தும் ஒரு வரியை வைத்திருந்தால் அந்த வரிக்கு நாம்தான் பொறுப்பு.

பிள்ளைகள் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்ததைப் பள்ளிக்குள்ளும் பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கவோ விளம்பரப்படுத்தவோ கூடாது என்று 2020-லேயே விதி வந்துவிட்டது. நீ ஐம்பத்தோராவது மீட்டரைத் தேடிப் போகாதே.

மாதக் கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டர் தலையில் சரக்கை ஏற்றுவதைப் பற்றியும் எழுத வேண்டும். அது சேல்ஸின் வேலை, உனக்கு என்ன என்று விட்டுவிடுவாய். விடாதே. கேட்காத சரக்கு கோடவுனில் கிடந்தால் தேதி ஓடிவிடும். தேதி நெருங்கிய பாக்கெட்டுகள் மிகத் தொலைவிலுள்ள, கேள்வி கேட்க ஆள் இல்லாத கிராமத்துக் கடைக்குத்தான் போகும். உன் பொருளை மிகப் பழையதாகச் சாப்பிடுகிறவர் மிக ஏழையாக இருப்பார். காரத்தில் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் காசு கொடுத்தாயிற்று என்று தின்றுவிடுவார். லைன் சேல்ஸ்மேனோடு வண்டியில் போ. கடையில் உன் பாக்கெட்டை எடுத்து முதலில் தேதியைப் பார். பிறகு கடைக்காரரிடம் பேச்சுக் கொடு. எது போகிறது, எது திரும்பி வருகிறது என்று அவர் சொல்வதை நீ வாங்கும் எந்த ரிப்போர்ட்டும் சொல்லாது.

இவ்வளவும் படித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் சண்டை போடச் சொல்கிறாளா சித்தி என்று நினைப்பாய். அப்படிச் சண்டை போடுகிறவர்களை ஆறு மாதத்தில் யாரும் மீட்டிங்குக்கே கூப்பிட மாட்டார்கள். எழுத்தின் வடிவம், நடிகர் யார், பாட்டு எப்படி என்பதில் எல்லாம் விட்டுக்கொடு. செய்முறையிலும் முன்பக்கத்து வாக்கிலும் மட்டும் நில். மறுக்க வேண்டியிருந்தால் மீட்டிங்கில் குரல் உயர்த்தாதே. முந்தின நாளே குவாலிட்டி தலைவரையும் ரெகுலேட்டரி ஆளையும் தனியாகப் பார். பெரும்பாலும் அவர்களுக்கும் அதே சங்கடம் இருக்கும், முதலில் வாயைத் திறக்க ஒருவர் வேண்டும். வெறும் 'முடியாது' என்று போகாமல் மாற்று வரியை எழுதிக்கொண்டு போ. 'சத்து நிறைந்தது' என்பதற்குப் பதில் 'ராகி 40 விழுக்காடு' என்று உண்மையாக எழுத முடியுமானால் அதுவும் விற்கும். சொல்லப்போனால் இன்னும் நன்றாக விற்கும், ஏனென்றால் அதைப் போட்டியாளர் அவ்வளவு எளிதில் எடுத்துவிட முடியாது. பேசியதை அன்றே மின்னஞ்சலில் மரியாதையாக எழுதி அனுப்பிவிடு. உன்னை மீறி முடிவு எடுத்தாலும், யார் எடுத்தார்கள் என்பது எழுத்தில் இருக்கும். எழுத்தில் இருக்கும் என்று தெரிந்தாலே பாதி முடிவுகள் மாறிவிடும்.

நல்ல வேலை இது. பசிக்கும் மனிதருக்குச் சுத்தமான, ஒரே ருசியுள்ள, கையில் இருக்கும் காசுக்குள் அடங்கும் உணவை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைவிட மரியாதையான வியாபாரம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் அது கெடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் இவ்வளவு எழுதுகிறேன்.

ஒரு நாள் வரும். கோப்பு மேஜையில் இருக்கும், அச்சகம் காத்திருக்கும், மேலதிகாரி உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், உன் மனம் கூடாது என்று சொல்லும். அன்றைக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு நாள் அவகாசம் கேள். அந்த இரவு எத்தனை மணியானாலும் எனக்கு போன் செய்.

அன்புடன்,
சித்தி